வெள்ளத்தில் நனைந்த மவுத் ஆர்கன்: எதைக் கழுவலாம், எதைத் தூக்கிப் போடலாம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியில் மூன்று மவுத் ஆர்கன்கள்: அப்பாவின் ஹோனர் மரைன் பேண்ட், என்னுடைய ஸ்பெஷல் 20, பையன் பழகிக்கொண்டிருந்த டவர் 24 துளை. மூன்றும் இரண்டு நாள் சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிவிட்டன.

"நல்லா கழுவி வெயில்ல வச்சா சரியாப் போயிடும்" என்றார்கள். புல்லாங்குழல் என்றால்கூட யோசிக்கலாம். மவுத் ஆர்கனில் பாதிச் சுரங்களை மூச்சை உள்ளே இழுத்துத்தான் வாசிக்கிறோம். உள்ளே இருப்பது நேராக நுரையீரலுக்குப் போகும். 2016இல் தோராக்ஸ் மருத்துவ இதழில் ஓர் அறிக்கை வந்தது. தினமும் பேக்பைப் (பையில் காற்றை நிரப்பி ஊதும் கருவி) வாசித்த 61 வயதுக்காரர் நுரையீரல் அழற்சியால் இறந்தார். அவருடைய கருவிக்குள் பல வகைப் பூஞ்சைகள் வளர்ந்திருந்தன. அதுதான் காரணமாக இருக்கும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். அதனால் இந்த மூன்றையும் நான் அவசரப்பட்டு வாயில் வைக்கவில்லை.

மரமா, பிளாஸ்டிக்கா

முதலில் பார்க்க வேண்டியது காம்ப், அதாவது ரீடுகள் (காற்றில் அதிர்ந்து சுரம் எழுப்பும் பித்தளை நாக்குகள்) பொருத்திய இரண்டு பிளேட்டுக்கும் நடுவில் சீப்பு மாதிரி இருக்கும் கட்டை. 1896 முதல் ஜெர்மனியின் டிராசிங்கனில் இருந்து வரும் மரைன் பேண்டுக்கு அது பேரி மரம். நனைந்தால் ஊதிக்கொண்டு பல் பல்லாக வெளியே துருத்தும், உதட்டைக் கிழிக்கும். வெறும் எச்சில் என்றால் உலர்த்தித் தேய்த்துச் சரி செய்திருப்பேன். சாக்கடையைக் குடித்த மரத்தின் உள்நரம்பு வரை எந்த மருந்தும் போய்ச் சேராது. ஸ்பெஷல் 20க்குப் பிளாஸ்டிக் காம்ப், எல்லாம் திருகாணி. கழற்றினால் சோப்புத் தண்ணீரிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். இந்த விஷயத்தில் பிளாஸ்டிக் பக்கம்தான் நான்.

எந்தத் திரவம்

அழுக்கை எடுப்பது ஒரு வேலை, கிருமியைக் கொல்வது வேறு வேலை. பலரும் நேராக ஸ்பிரிட்டில் முக்குகிறார்கள். காய்ந்த எச்சிலும் சேறும் கடலை மிட்டாய்ப் பாகும் ஸ்பிரிட்டில் கரையாது, தண்ணீரில்தான் இளகும். ஆகவே முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. அதில் கழுவி, அலசி, உலர்த்திய பிறகுதான் ஸ்பிரிட்.

ஸ்பிரிட்டிலும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்தான் வேண்டும். 99 சதவீதம் வீரியமாகத் தோன்றும்; ஆனால் கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் சேர வேண்டும், தவிர 99 சட்டென்று ஆவியாகிவிடும். கை சானிடைசர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கிளிசரினும் பசையும் ரீடில் படலமாக ஒட்டிக்கொள்ளும். காம்ப் அக்ரிலிக் என்றால் ஆல்கஹால் பட்டால் விரிசல் விடும், சோப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பிளீச்சிங் பவுடர். தரைக்கு நல்லது, பித்தளை ரீடை அரிக்கும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவம் அதைவிட மோசம். வெள்ளைக்காரன் காலத்தில், இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிய தோட்டாக்களின் பித்தளை உறைகள் தானாக வெடித்துப் பிளந்தன. குதிரை மூத்திரத்தில் இருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும் ரீடுக்கு அந்தக் கதி வரக் கூடாது.

பச்சைக் களிம்புக்குப் புளியா, வினிகரா

குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தில் இங்கேயும் கை போகும். புளியில் நாரும் துகளும் உண்டு. ரீடுக்கும் அதன் துளைக்கும் இடையே இருப்பதோ முடியைவிட மெல்லிய இடைவெளி. அதோடு, தேய்ப்பதே ஆபத்து. ரீடின் நுனி தேய்ந்தால் சுதி ஏறும், அடி தேய்ந்தால் இறங்கும். வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, பிளேட்டைச் சில நிமிடம் போட்டு எடுத்து, நன்றாக அலசினால் போதும்.

பிறகு மிருதுவான டூத் பிரஷ். ரீடைப் பிளேட்டோடு பிணைக்கும் ரிவெட் அடித்த பக்கத்தில் இருந்து நுனியை நோக்கி மட்டும் இழுக்க வேண்டும். எதிர்த் திசையில் போனால் பிரஷ் முடி ரீடைத் தூக்கி வளைத்துவிடும். கழுவிய பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரீடைச் சுற்றி மெல்லிய ஒளிக்கோடு அறுபடாமல் தெரிய வேண்டும். என் பிளேட்டில் மூன்றாம் துளையில் மட்டும் கோடு பாதியில் நின்றது. மெல்லிய காகிதத்தை உள்ளே விட்டு இழுத்தேன், கடுகில் கால்வாசி இருக்கும் ஒரு மணல் வந்தது. செத்துப்போனதாக நினைத்த சுரம் உடனே பேசியது.

கண்ணாடிக் கடைகளில் இருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி பிரஷ்ஷை விடச் சுத்தமாக வேலை செய்யும், ரீடையும் யாரும் தொடுவதில்லை. ஆனால் மரத்தையும், குரோமாட்டிக்கில் (எல்லாச் சுரங்களும் வரும், பொத்தான் வைத்த மவுத் ஆர்கன்) ரீடு மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வால்வுகளையும் அதில் போடக் கூடாது.

சுத்தமா, மாற்றமா

டவரில் 48 ரீடு. அதற்கு உதிரி பிளேட் நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை; திறந்து சுத்தம் செய்யும் நேரத்துக்குப் புதிதே வாங்கலாம். பையனுக்குப் புதிது வாங்கிக் கொடுத்தேன். ஸ்பெஷல் 20 ஒரே மாலையில் தேறிவிட்டது.

மரைன் பேண்டின் ஆணிகளை மெல்லிய கத்தியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். கட்டையைத் தூக்கிப் போட அப்பாவிடம் கேட்கவே தயங்கினேன். "கட்டை போனா போகட்டும்டா, சுதி தகட்டுலதானே இருக்கு" என்றார். பழைய பிளேட்டுகளைச் சுத்தம் செய்து, வாங்கிய அலுமினியக் காம்பில் திருகாணி போட்டு மாட்டினேன். நான்காம் துளையில் உள்ளிழுக்கும் சுரம் மட்டும் கழுவிய பின்னும் இறங்கியே இருக்கிறது. ரிவெட் ஓரத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு விரிசல். அது அழுக்கு இல்லை, அந்த ரீடை மாற்றத்தான் வேண்டும்.