மேவிஸ் ஸ்டேபிள்ஸின் பிற்கால ஆல்பங்களோடு பன்னிரண்டு வருடங்கள்

ஒரு ஆல்பம் வந்த வாரத்திலேயே எழுதப்படும் விமர்சனங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புதிதில் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். நூறு தடவை கேட்ட பிறகும் கை தானாக அதையே தேடிப் போகிறதா என்பதுதான் என் கணக்கு. அந்தக் கணக்கில் 2013 முதல் என் வீட்டில் தேயாமல் நிற்பவை, மேவிஸ் ஸ்டேபிள்ஸ் அறுபது வயதுக்கு மேல் பாடிய ஆல்பங்கள்.

பெயர் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. மேவிஸ் 1939இல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா ரோபக் ஸ்டேபிள்ஸ், எல்லோருக்கும் 'பாப்ஸ்'. மிசிசிப்பியில் டாக்கரி பண்ணையில் பருத்தி எடுத்து வளர்ந்த பாப்ஸ், ப்ளூஸ் பாடகர் சார்லி பாட்டனின் கிட்டாரை அங்கேதான் கேட்டார். சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த பிறகு பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, கிட்டார் தந்தியை மீட்டி, ஆளுக்கொரு சுரத்தைக் கொடுத்துச் சேர்ந்து பாடப் பழக்கினார். அப்படி உருவானதுதான் 'ஸ்டேபிள் சிங்கர்ஸ்' குழு. 1950களில் அவர்களுடைய காஸ்பெல் பாட்டை, அதாவது கிறிஸ்தவ பக்திப் பாட்டை, வானொலியில் கேட்டவர்கள், அந்த அடிக்குரலில் பாடுவது பதின்வயதுப் பெண் என்று சொன்னால் நம்பவில்லையாம். பிறகு ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் சோல் என்ற கறுப்பின இசை வகைப் பாட்டுகள், 1972இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம், எல்லாம் நடந்தன. அந்தக் காலத்துப் பாட்டுகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்த கதை.

2000 டிசம்பரில் பாப்ஸ் இறந்துபோனார். ஐம்பது வருடம் அப்பாவின் கிட்டாருக்குப் பக்கத்தில் நின்று பாடியவர் மேவிஸ். அந்தக் கிட்டார் இல்லாமல் பாட்டை எங்கே எடுப்பது என்றே தெரியாமல் இருந்திருக்கிறார். அக்கா இவோன் விடாப்பிடியாக நின்று அவரைத் திரும்பப் பாடவைத்தார். தன் கைக்காசைப் போட்டு ஒரு ஆல்பம் செய்தார் மேவிஸ். 2004இல் அலிகேட்டர் நிறுவனம் வெளியிட்ட 'ஹாவ் எ லிட்டில் ஃபெய்த்' அதுதான். அதன் கடைசிப் பாட்டு, பாப்ஸ் பிள்ளைகளுக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்த அதே பழைய பாட்டு. அந்த ஆல்பத்தை நான் முழுதாகக் கேட்பது வருடத்துக்கு ஒரு தடவைதான். ஒலிப்பதிவு கொஞ்சம் பளபளப்பாக, எல்லா இடத்தையும் நிரப்பிவிடுகிறது. கடைசிப் பாட்டை மட்டும் அடிக்கடி போடுவேன்.

சரி, குரலுக்கு வருகிறேன். வயதானால் சாரீரம் இறங்கும். எந்தப் பாடகருக்கும் இது விதி. மேவிஸுக்கும் மேல்ஸ்தாயி போய்விட்டது. 1970களில் ஒரு வரியைத் தூக்கி எறிந்தது போல இப்போது எறிய முடியாது. முதல் சில மாதங்கள் எனக்கு இது குறையாகவே பட்டது, இளமைக்காலப் பதிவுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கேட்கக் கேட்கத்தான் வேறொன்று புலப்பட்டது. அவர் இப்போது தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வருகிறார். வரி தொடங்கும் முன் ஒரு மூச்சு கேட்கிறது. சில சொற்களைப் பாடாமல் சொல்லிவிட்டுப் போகிறார், சில இடங்களில் வெறும் 'ம்ம்' மட்டும். அந்த 'ம்ம்' வரும் இடத்தை நான் காத்திருந்து கேட்பேன். முன்பு சபை முழுவதற்கும் பாடியவர், இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிற ஒரே ஆளுக்குப் பாடுகிறார்.

இதைப் புரிந்துகொண்ட தயாரிப்பாளர்கள் அவருக்கு அமைந்தார்கள். முதலில் ரை கூடர். 2007இல் வந்த 'வீல் நெவர் டர்ன் பேக்' பெரும்பாலும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டக் காலத்துப் பாட்டுகள். ஸ்டேபிள்ஸ் குடும்பம் அந்தப் போராட்டத்தோடு ஒட்டி வாழ்ந்தது. மான்ட்கமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்டு வந்த பாப்ஸ், அவர் பிரசங்கம் செய்வதை நாம் பாட்டாகப் பாடலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அதனால் இந்த ஆல்பத்தில் மேவிஸ் பாடுவது வரலாற்றுப் பாடம் மாதிரி ஒலிப்பதில்லை. 'டவுன் இன் மிசிசிப்பி' பாட்டின் நடுவில் தாளம் ஓடிக்கொண்டிருக்க, பேச ஆரம்பித்துவிடுகிறார்: சின்ன வயதில் பாட்டி ஊரான மவுண்ட் பேயூவுக்குப் போனது, வெள்ளையர்களுக்கென்று வைத்த குழாயில் தண்ணீர் குடிக்கப் போனது, பாட்டி தடுத்தது. குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்து வீட்டு அத்தை திண்ணையில் உட்கார்ந்து பழங்கதை சொல்வது போல. அடியில் கிட்டாரும் டிரம்ஸும் சேற்றில் நடப்பது போல மெதுவாக நகர்கின்றன. இத்தனை வருடத்தில் அந்த இடத்தை ஒருமுறைகூட நான் தாண்டிவிட்டதில்லை.

காஸ்பெல் என்றால் கிறிஸ்தவ பக்திப் பாட்டுதானே, நமக்கு எப்படி ஒட்டும் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் சர்ச்சுக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால் இந்த ஆல்பத்தில் 1964இல் மிசிசிப்பியில் மூன்று இளைஞர்கள் காணாமல் போனபோது ஆற்றில் தேடியதைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. அதைக் கேட்டால் அந்த மக்களுக்கு சாமியைக் கூப்பிடுவதும் நியாயம் கேட்பதும் வேறு வேறாக இருந்ததில்லை என்பது தெரியும். அதற்கு மேல் நான் யாருக்கும் விளக்கியதில்லை.

அடுத்தது ஜெஃப் ட்வீடி. வில்கோ என்ற ராக் குழுவின் பாடகர், அவரும் சிகாகோ வாசி. 2010இல் 'யூ ஆர் நாட் அலோன்'. மேவிஸுக்கு முதல் கிராமி விருது இந்த ஆல்பத்துக்குத்தான் கிடைத்தது. அப்போது வயது 71. தலைப்புப் பாட்டை ட்வீடி அவருக்காகவே எழுதினார். இதில் 'வொண்டர்ஃபுல் சேவியர்' என்று வாத்தியமே இல்லாத ஒரு பாட்டு உண்டு. எதிரொலிக்காக ஸ்டுடியோவின் மாடிப்படியில் நின்று பாடியது. சிகாகோவின் குளிர்காலத்தில் அங்கே நின்று பாட மேவிஸ் முதலில் ஒப்பவில்லை, கோட்டும் கையுறையும் கொண்டுவந்து கொடுத்துத்தான் நிற்கவைத்தார்கள். ஹெட்போனில் கேளுங்கள், குரல்கள் படிக்கட்டுச் சுவரில் பட்டுத் திரும்புவது தெரியும்.

ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும் மேல் 2013இல் வந்த 'ஒன் ட்ரூ வைன்'. பெரும்பாலான வாத்தியங்களை ட்வீடியே வாசித்திருக்கிறார். டிரம்ஸ் அவருடைய மகன் ஸ்பென்சர், அப்போது பதின்வயதுப் பையன். முதல் பாட்டு 'ஹோலி கோஸ்ட்', மினசோட்டாவைச் சேர்ந்த லோ என்ற குழுவின் பாட்டு. ஒரு கிட்டார், மேவிஸ், அவ்வளவுதான் என்று சொல்லும்படி தொடங்கும். முதலில் கேட்டபோது 'என்ன இது, இவ்வளவு இறங்கியிருக்கிறதே' என்று பாதியில் நிறுத்தினேன். மூன்று நான்கு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

2019இல் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து பதினோரு இரவுகள் கூட இருந்தேன். வார்டில் விளக்கை அணைத்த பிறகு தூக்கம் வராது. ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது அம்மாவுக்கு. ஒலியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து வைத்திருப்பேன். அந்த அளவில் மற்ற ஆல்பங்கள் எல்லாம் கலைந்துபோயின. டிரம்ஸ் மட்டும் டிக் டிக் என்று கேட்கும், இல்லாவிட்டால் பின்பாட்டு மட்டும். 'ஒன் ட்ரூ வைன்' மட்டும் கலையவில்லை. வாத்தியம் ஒவ்வொன்றாக மறைந்தாலும் அந்தக் குரல் நடுவில் முழுதாக நின்றது. நாலாவது இரவு அம்மா கண் விழித்து, 'யாரும்மா பாடுறது?' என்று கேட்டாள். இயர்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தேன். பாஷை புரியாது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, 'நம்ம வயசுக்காரி போல இருக்கு' என்றாள். என் அம்மாவுக்கு அப்போது 77, மேவிஸுக்கு 79. அம்மா குணமாகி வீட்டுக்கு வந்தாள். இப்போதும் காலையில் சமையலறையில் நான் மேவிஸைப் போட்டால் 'உன் ஃபிரெண்டு வந்தாச்சா' என்பாள்.

இந்த அனுபவத்திலிருந்து ஒரு நடைமுறை விஷயம். இந்த ஆல்பங்களை செல்போனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு முடிவு சொல்லாதீர்கள். இவர் குரலின் கனம் முழுக்கக் கீழ்ஸ்தாயியில் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கர் அந்தப் பகுதியைக் கொடுக்காது, தொண்டை கட்டியவர் பாடுவது போலத்தான் வரும். சாதாரண வயர் ஹெட்போன் போதும். எல்பியில் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டு ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். தட்டு வளைந்து வந்தது, மாற்றித் தரச் சொல்லி இரண்டு மாதம் எழுதியும் பயனில்லை. அதற்கு மேல் சிடியோடு நிறுத்திக்கொண்டேன். இவருடைய பதிவுகளுக்கு அது தாராளம்.

2016இன் 'லிவின் ஆன் எ ஹை நோட்' நாள்பட நாள்பட எனக்கு மங்கிய ஆல்பம். வருடக்கணக்கில் ஜனங்களை அழவைத்தாயிற்று, இனி சந்தோஷமாகப் பாட வேண்டும் என்று மேவிஸ் விரும்பினார். நிக் கேவ், நீகோ கேஸ், வேலரி ஜூன், பென் ஹார்ப்பர் என்று ஆளுக்கொரு பாட்டு எழுதிக் கொடுத்தார்கள். எண்ணம் நல்லதுதான். பத்துக் கைகள் சமைத்த விருந்தில் ருசி ஒன்றாக இருக்காதே. மூன்று பாட்டுகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், மீதியைத் தொட்டு வருடங்கள் ஆகின்றன. 2017இன் 'இஃப் ஆல் ஐ வாஸ் வாஸ் பிளாக்' முழுதும் ட்வீடி எழுதியது, சிலவற்றில் மேவிஸும் சேர்ந்து. அமெரிக்காவின் அன்றைய அரசியல் சூட்டில் பிறந்தது. அந்தச் சூடு ஆறியபின் நிற்குமா என்று சந்தேகப்பட்டேன். நிற்கிறது, ஏனென்றால் அந்தக் கோபத்தில் பதற்றம் இல்லை.

பென் ஹார்ப்பர் தயாரித்த 'வீ கெட் பை' 2019இல், மேவிஸின் 80வது பிறந்தநாளை ஒட்டி வந்தது. அட்டையில் கோர்டன் பார்க்ஸ் 1956இல் அலபாமாவில் எடுத்த புகைப்படம்: கறுப்பினக் குழந்தைகள் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று, தங்களை அனுமதிக்காத விளையாட்டு மைதானத்தைப் பார்க்கிறார்கள். காலை நடைக்கு என் வழக்கமான ஆல்பம் இது. இதிலும் மேடைப் பதிவுகளிலும் கிட்டார் வாசிக்கும் ரிக் ஹோம்ஸ்ட்ராமைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாப்ஸின் கிட்டாருக்கு ஒரு நடுக்கம் உண்டு, ட்ரெமோலோ என்பார்கள். ஒலி சட்டென்று கூடிக் குறைந்து, தண்ணீரில் விழுந்த விளக்கொளி போல ஆடும். அப்பாவின் அந்த நடுக்கத்தை ஹோம்ஸ்ட்ராம் மகளுக்குப் பக்கத்தில் அளவாகக் கொண்டுவந்து வைக்கிறார். அது வரும்போது மேவிஸ் இன்னும் நிதானமாகிவிடுவதாக எனக்குத் தோன்றும்.

மேடைப் பதிவில் ஒன்றே ஒன்று என்றால் 'ஹோப் அட் தி ஹைட்அவுட்'. 2008இல் சிகாகோவில் ஒரு குட்டி பாரில் பதிந்தது. கூட்டத்தின் வியர்வை வாடைகூட வரும் போலிருக்கும். லண்டன் யூனியன் சேப்பல் பதிவு இன்னும் சுத்தமானது, எனக்கு முன்னதுதான் பிடிக்கும்.

2022இல் வந்த 'கேரி மீ ஹோம்' தனி ரகம். 'தி பேண்ட்' குழுவின் டிரம்மரும் பாடகருமான லீவன் ஹெல்ம் உட்ஸ்டாக்கில் தன் மரக்கொட்டகையையே ஸ்டுடியோவாக வைத்திருந்தவர். 2011 கோடையில் மேவிஸ் அங்கே போய் அவரோடு பாடினார். தொண்டைப் புற்றுநோயால் ஹெல்மின் குரல் ஏற்கெனவே சிதைந்திருந்தது. 2012 ஏப்ரலில் அவர் இறந்தார், பத்து வருடம் கழித்துத்தான் ஆல்பம் வந்தது. பெரும்பாலும் டிரம்ஸ்தான் அவர் வேலை. கடைசிப் பாட்டு, பல வருடங்களுக்கு முன்பே இருவரும் சேர்ந்து பாடிய அதே பாட்டு; அதில்தான் அவருடைய கரகரத்த குரல் வருகிறது. சுருதி சுத்தமா என்று நான் பார்க்கவில்லை.

2025 கடைசியில் வந்த 'சாட் அண்ட் பியூட்டிஃபுல் வேர்ல்ட்' பற்றி இப்போது எழுத மாட்டேன், என் கணக்குப்படி இன்னும் நாள் இருக்கிறது. இதுவரை வாரத்துக்கு மூன்று நாள் போடுகிறேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். அது மேவிஸின் பெயரில் வந்ததுகூட இல்லை. பாப்ஸ் 1999இல் சில பாட்டுகளைப் பதிந்து முடிக்காமல் வைத்திருந்தார். படுக்கையில் இருந்தபோது அவற்றைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, இதைத் தொலைத்துவிடாதே என்று மகளிடம் சொன்னார். மேவிஸ் பத்திரமாக வைத்திருந்து, ட்வீடியிடம் கொடுத்து, 2015இல் 'டோன்ட் லூஸ் திஸ்' என்ற பெயரிலேயே கொண்டுவந்தார். ட்வீடி பேஸ் கிட்டாரும் அவர் மகன் டிரம்ஸும் சேர்த்தார்கள், பாப்ஸின் குரலையும் கிட்டாரையும் நடுவில் அப்படியே விட்டுவிட்டு. அதில் வரும் மேவிஸ் 75 வயதுப் பாடகி மாதிரியே இல்லை. அப்பா ஒரு வரி பாட, தரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளை தன் சுரத்தைப் பிடித்துக்கொள்கிறது.