ஐந்தடி கிறிஸ்துமஸ் மரம்: மரம் சரி, விளக்குதான் ஏமாற்றம்

யாங்கூன் தெயின்ஜீ மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் போன டிசம்பரில் வாங்கிய பிளாஸ்டிக் மரம் இது. உயரம் 5 அடி, மூன்று துண்டு, மடக்கும் இரும்புக் கால். உருண்டை, ஜிகினா, நட்சத்திரம், சீரியல் விளக்கு எல்லாம் ஒரே பெட்டியில். ஒரு மழைக்காலத்தைத் தாண்டி இந்த வருஷமும் எடுத்து நிறுத்தியாகிவிட்டது. வாங்க நினைப்பவர்களுக்கு இனி தைரியமாகச் சொல்லலாம்.

மரம் நல்ல மரம்தான். பெட்டியைப் பிரித்ததும் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஒட்டிக்கிடக்கும். கிளை கிளையாக விரித்துவிட வேண்டும், அவசரப்பட்டால் நடுக்கம்பி தெரியும். கம்பியில் சுற்றிச் செய்யும் இந்த வேலை பழையதுதான். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிக் கம்பியில் சுற்றி மரம் செய்திருக்கிறார்கள். இப்போது இறகுக்குப் பதில் பிவிசி. நம் கலோ மலையில் நிற்கும் பைனின் நீள ஊசியிலையை இதில் தேடாதீர்கள். இது ஐரோப்பாவின் குட்டை இலை ஃபிர் மரத்தைப் பார்த்துச் செய்தது. அங்கே பனியில் மற்ற மரங்கள் மொட்டையாக நிற்கும்போது இந்த வகை மட்டும் பச்சை மாறாமல் இருக்கும். சாகாத உயிருக்கு இதை அடையாளமாக வைத்தது அதனால்தான். டிசம்பரிலும் தெருவெல்லாம் பச்சையாக இருக்கிற யாங்கூனில் அந்த அதிசயம் நமக்கு அவ்வளவாக உறைப்பதில்லை.

உருண்டைகளில்தான் எனக்குச் சண்டை. எல்லாம் தங்கம், வெள்ளி. பேருக்கு ஒரு சிவப்பு கிடையாது. கடைக்கார அண்ணனிடம் கேட்டேன். “இதுதாம்மா இப்ப ஓடுது” என்றார். ஓடட்டும், ஆனால் மரத்தில் முதலில் தொங்கியதே சிவப்புதான். ஐரோப்பாவில் பழைய நாட்காட்டியில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நாள். அதையொட்டி ஏதேன் தோட்டக் கதையை நாடகமாகப் போடுவார்கள். அந்தக் குளிரில் இலையோடு ஆப்பிள் மரத்துக்கு எங்கே போவது? ஃபிர் மரத்தை நிறுத்தி அதில் ஆப்பிளைக் கட்டினார்கள். 1605இல் ஸ்ட்ராஸ்பர்க் நகர வீடுகளைப் பற்றிய குறிப்பு ஒன்றிலும் கூடத்து மரத்தில் ஆப்பிள், காகித ரோஜா, மெல்லிய அப்பம், தங்கத் தகடு, இனிப்பு என்று வருகிறது. விலக்கப்பட்ட கனியும் நற்கருணையை நினைவூட்டும் அப்பமும் ஒரே மரத்தில்! பாவமும் மீட்பும் பக்கத்துப் பக்கத்தில். அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லவுஷா ஊர்க் கண்ணாடித் தொழிலாளிகள் பழம், கொட்டை வடிவில் ஊதித் தள்ள, ஆப்பிள் உருண்டையானது. ஆகவே சிவப்பு உருண்டை ஒரு டஜன் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் வருவதில் கொக்கி மாட்டும் மூடி லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடுகிறது. ஒரு சொட்டுப் பசை வைத்தால் நிற்கும்.

விளக்கு சுத்த மோசம். மின்னும் விதத்தை மாற்ற வயரில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு பொத்தான். அமைதியாக எரியும் முறை கடைசியில் இருக்கிறது. கரன்ட் போய் வந்தால் பழையபடி முதலிலிருந்து படபடவென்று மின்ன ஆரம்பிக்கும். நம் ஊரில் கரன்ட் போகிற லட்சணத்துக்கு இது சரிப்படுமா? தெருப் பிள்ளைகள் “மீ லா பீ” (பர்மியில் ‘கரன்ட் வந்துடுச்சு’) என்று கத்தும்போதெல்லாம் என் பையன் மரத்துக்கு அடியில் நுழைந்து பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான். இந்த வருஷம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு பவர் பேங்கில் எரியும் யுஎஸ்பி சரம் வாங்கினேன். சூடாவதில்லை, ராத்திரி ஜெபம் முடியும்வரை தாங்குகிறது. 1882இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 மின்விளக்குகளை எரியவிட்டார். அதுவரை மெழுகுவத்திதான். அதை முதலில் ஏற்றியது ஜெர்மன் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் என்று டிசம்பர் பிறந்தால் யாராவது செய்தி அனுப்பிவிடுகிறார்கள். அவர் காலத்துச் சான்று எதுவும் கிடையாது.

இன்னொரு குறை, கால். மூன்று பக்கமும் அகலமாக நீட்டிக்கொண்டு குடில் வைக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. என் மாமியாருக்குக் குடில்தான் கிறிஸ்துமஸ், மரம் சும்மா அலங்காரம். அவர் பக்கமும் நியாயம் உண்டு. கத்தோலிக்கர்களுக்கு புனித அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் வைத்த குடில்தான் பழைய வழக்கம். வத்திக்கான் சதுக்கத்திலேயே மரம் வந்தது 1982இல்தான். கடைசியில் மரத்தை ஒரு மர முக்காலிமேல் ஏற்றிக் கட்டிவிட்டு, கீழே வைக்கோல் போட்டுக் குடிலை வைத்தோம். இருவருக்கும் சமாதானம்.

நட்சத்திரம் பரவாயில்லை. ஜிகினா உதிர்கிறது.

வாங்கினால் அட்டைப் பெட்டியை நம்பாதீர்கள். மழைக்காலத்தில் அது நமுத்துப் போய் அடித்தண்டின் கொக்கிகளில் துரு ஏறிவிட்டது. துடைத்துவிட்டு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். மரத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம், விளக்குக்கு ஒன்றுகூட அதிகம். கடையில் கேட்டால் விளக்கில்லாமலும் தருகிறார்கள், விலையும் குறைகிறது.