டியூப் ஆம்ப் என்று சொல்லி விற்கிறார்கள்: பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் கவனத்துக்கு

பழைய பேஸ் ஆம்ப் (பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் இசைக்கருவிகள் விற்கும் ஒரு கடை, "முழு டியூப், 300 வாட்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி, எழுபதாயிரம் ரூபாய்க்கு எனக்கு ஒரு ஹெட்டை, அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டியை, விற்றது. டியூப் என்பது பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடி வால்வு. ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய பவர் டியூப் அதில் ஒன்றுகூட இல்லை.

நான் கடைக்குப் போனபோதே செட் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்க வலைக்குள் டியூப் எரிவதுபோல ஆரஞ்சு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. சின்ன அறையில், மெதுவாக வைத்து வாசித்தால் எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும்.

குட்டு வெளிப்பட்டது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரியில். திறந்தவெளி மேடை, ஜெனரேட்டர் மின்சாரம், பக்கத்திலேயே டிரம்ஸ். பேஸின் கனமான தந்தியில் ஈ (E) சுரம் 41 ஹெர்ட்ஸ். அதைத் திடலில் நிற்க வைக்க நிறையச் சக்தி வேண்டும். வால்யூமைப் பாதிக்கு மேல் திருகியதும் சுரம் உடைந்து, கிழிந்த காகிதம் போல இரைந்தது. உண்மையான டியூப் ஆம்ப் எல்லையைத் தாண்டும்போது ஒலியலையின் முகட்டை மெல்ல வளைக்கும். சுரம் தடிக்குமே தவிர உடையாது. டிரான்சிஸ்டர் அதே இடத்தில் சட்டென்று வெட்டிவிடும். வாட் கணக்கு ஒன்றாக இருந்தாலும் மேடையில் டியூப் அதிகச் சத்தமாகக் கேட்பதற்கு இது முக்கியக் காரணம்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. என் கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, 8 ஓம் (மின்தடை அளவு). டியூப் ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. கேபினெட்டுக்கு ஏற்ற ஓம் இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய முழுத் திறனும் வரும். டிரான்சிஸ்டர் ஆம்பில் 4 ஓமுக்குச் சொன்ன வாட், 8 ஓமில் ஏறத்தாழப் பாதியாக இறங்கிவிடும். எனக்கு விற்ற செட்டின் பின்பக்கத்தில் ஓம் தேர்வு எதுவும் இல்லை. "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று மட்டும் பொடி எழுத்தில் இருந்தது.

ஊர் திரும்பியதும் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருப் பக்கம் வால்வு ரேடியோ காலத்திலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7, அதாவது கிட்டாரின் சிறிய சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப் டியூப். அதன் அடியில் ஆரஞ்சு நிற எல்இடி. அதன் வயரை நறுக்கினார். வெளிச்சம் போனது, சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு மீட்டரை வைத்தார். அந்த டியூபின் பிளேட் என்ற மின்முனையில் சாதாரணமாக 150 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இதில் 40கூட இல்லை. "தம்பி, இது பேருக்கு வைத்த டியூப். வேலை எல்லாம் டிரான்சிஸ்டர்தான் பார்க்கிறது" என்றார்.

டிரான்சிஸ்டர் ஆம்ப் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. மூன்று கிலோ கிளாஸ் டி (எடை குறைந்த டிரான்சிஸ்டர் வகை) ஹெட்டைத் தோள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். டியூப் ஆம்புக்கோ பராமரிப்பு அதிகம்: பவர் டியூப்கள் தேயும், மாற்றினால் பயாஸ் (டியூபில் ஓடும் மின்னோட்ட அளவு) சரிபார்க்க வேண்டும், ஸ்பீக்கர் இணைக்காமல் வாசித்தால் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். ஊர் ஊராகப் போகும் குழுவுக்கு நான் டிரான்சிஸ்டரையே சிபாரிசு செய்வேன். ஆனால் அதை அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்க வேண்டும். இதே தரத்து ஹைப்ரிட் செட் (ப்ரீஆம்பில் டியூப், பவரில் டிரான்சிஸ்டர்) பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது.

கடையில் கேட்டபோது, "டியூப் இருக்கிறதா இல்லையா? எத்தனை என்று நீங்கள் கேட்கவில்லையே" என்றார்கள். பில்லில் "பழைய பேஸ் ஆம்ப்" என்று மட்டும் எழுதியிருப்பதைக் காட்டி, பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

எனவே முதலில் எடையைக் கேளுங்கள். 1969இல் வந்த, ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்விடி 300 வாட் டியூப் ஹெட். ஏறத்தாழ 40 கிலோ. எனக்கு விற்றது ஒரு கையால் தூக்கும்படி இருந்தது. அவ்வளவு சக்திக்கு வரிசையாகப் பெரிய பவர் டியூப்களும் கனத்த இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்களும் தேவை. மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். செட்டை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, உங்கள் கண்முன்னே போடச் சொல்லுங்கள். டியூப் மெதுவாகத்தான் சிவக்கும். சுவிட்சைத் தட்டியதும் முழு வெளிச்சத்தில் நிலையாக எரிவது விளக்கு. "முழு டியூப்" என்ற சொல் பில்லிலேயே இருக்கட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். சரிப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கச்சேரிதான் பிழைப்பு என்பதால் நாம் நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

அதே கடை இப்போது இன்னொரு செட்டை அதே வாசகத்தோடு விளம்பரம் செய்கிறது. படத்தில் முன்பக்கம் மட்டும் இருக்கிறது. விலை பேசுவதற்கு முன் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.