நுரையீரல் காசநோய்க்கு பெட்-சி.டி. ஸ்கேன்: கொடுக்கும் பணத்துக்கு என்ன தெரியவரும்?

சளிப் பரிசோதனையும், சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையும் செய்யாமல், காசநோயா இல்லையா என்று பார்க்க நேரே பெட்-சி.டி.க்குப் போவது வீண்செலவு. எங்கே குளுக்கோஸ் அதிகம் சேர்கிறது என்பதை பெட்டும், உறுப்புகளின் வடிவத்தை சி.டி.யும் படமெடுக்கும்; இந்த ஸ்கேனுக்குக் கிருமி தெரியாது. ஊசியில் ஏற்றும் எஃப்.டி.ஜி. என்பது ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த ஒருவகைக் குளுக்கோஸ். காசநோய்க் கிருமியைச் சூழ்ந்து நிற்கும் மேக்ரோஃபேஜ் எனும் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை ஆவலாக உள்ளிழுக்கும். உடைத்துப் பயன்படுத்த முடியாததால் அது செல்லுக்குள்ளேயே தங்கிப் படத்தில் ஒளிரும். புற்றுநோய்ச் செல்லும் இதையேதான் செய்கிறது. எனவே, ஓரிடத்தில் எவ்வளவு எஃப்.டி.ஜி. சேர்ந்திருக்கிறது என்று காட்டும் எஸ்.யு.வி. எண் 2.5-ஐத் தாண்டினால் புற்று என்ற பழைய அளவுகோலைக் காசநோய் மிகுந்த நாடுகளில் நம்பக்கூடாது. அறிக்கையில் அப்படி எழுதியிருந்தால், பயாப்ஸி (திசு எடுத்துச் சோதிப்பது) இல்லாமல் அடுத்த முடிவுக்குப் போகாதீர்கள்.

எந்த இடத்தில் ஊசி போட்டு பயாப்ஸி எடுத்தால் பலன் கிடைக்கும் என்பதை இது நன்றாகவே காட்டும். மார்பின் நடுவிலுள்ள நிணநீர்க் கணு, முதுகெலும்பு என நுரையீரலுக்கு வெளியே பரவியிருப்பதும் ஒரே தடவையில் தெரிந்துவிடும். இந்த இரண்டுக்காகச் செலவு செய்யலாம்.

ஸ்கேனுக்கு முன் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரையை அவசரமாக இறக்க, எஃப்.டி.ஜி.க்குச் சற்று முன் இன்சுலின் போட்டால் அந்த எஃப்.டி.ஜி. எல்லாம் தசைக்குப் போய்விடும், நுரையீரல் மங்கலாகும். ஊசி போட்டதும் சுமார் 60 நிமிடம் பேசாமல், குளிராமல் படுத்திருக்க வேண்டும். குளிர்ந்தால் கழுத்திலும் தோளிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு (உடலுக்குச் சூடு தரும் கொழுப்பு) ஒளிரும். நிணநீர்க் கணுவோ என்று குழப்பும்.

அந்த ஒரு மணி நேரக் காத்திருப்புதான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அந்த அறை பெரும்பாலும் சிறியது, மூடியது. பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் கீமோதெரபியால் எதிர்ப்புச் சக்தி குறைந்த புற்றுநோயாளியாக இருக்கலாம். சளியில் கிருமி உள்ளவர் அதை முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். மையம் அவருக்கு அன்றைய கடைசி நேரத்தை ஒதுக்கி, முகக்கவசம் கொடுத்து, தனி அறையில் வைக்க வேண்டும். இதைக் கேட்டதும் விழிக்கும் மையத்தில் பதிவு செய்யாதீர்கள்.

படமெடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சி.டி. சில விநாடிகளில் முடியும். பெட் பல நிமிடம் ஓடும், அதற்குள் நோயாளி மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார். ஆழமாக மூச்சிழுத்து எடுத்த சி.டி.யோடு அது பொருந்தாது, உதரவிதானத்துக்கு அருகே புள்ளி இடம் மாறித் தெரியும். 8 மில்லிமீட்டருக்கும் சிறிய முடிச்சு உண்மையில் இருப்பதைவிட மங்கலாகவே பதியும். அதனால் சாதாரண மூச்சில் ஒரு சி.டி.யும், மூச்சடக்கி மெல்லிய துண்டுகளாக மார்புக்கு மட்டும் இன்னொன்றும் எடுப்பார்களா என்று கேளுங்கள்.

சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க மறுபடி எடுப்பதானால் அதே கருவி, அதே காத்திருப்பு நேரம் வேண்டும். முதல்முறை 60 நிமிடத்திலும் அடுத்தமுறை 90 நிமிடத்திலும் எடுத்தால், நோய் மாறாமலேயே எஸ்.யு.வி. எண் கூடிவிடும். படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் வாங்கி வையுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் ஒப்பிட உதவாது.

ஆறு மாத மாத்திரை முடிந்த பிறகும் ஒளி மிச்சமிருந்தால் பயந்துபோய் மருந்தை நீட்டிக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் 99 நோயாளிகளைத் தொடர்ந்து ஸ்கேன் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. சிகிச்சை முடிவில் 14 பேருக்குத்தான் ஒளி முழுதாக அடங்கியிருந்தது. குணமானவர்களில் பெரும்பாலோருக்கு ஒளிரும் இடங்கள் மிச்சமிருந்தன. மீதி ஒளி தழும்பின் அழற்சியா, உயிரோடுள்ள கிருமியா என்று எஃப்.டி.ஜி. பிரித்துச் சொல்லாது. சளி கல்ச்சரும் (சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடையும் அறிகுறிகளுமே அங்கே பேச வேண்டும்.

கிருமியே உட்கொள்ளும் ட்ரெஹலோஸ் சர்க்கரையில் ஃப்ளோரின்-18 சேர்த்த எஃப்.டி.டி. என்ற பொருளைப் பற்றி 2024-இல் ஆய்வு வெளிவந்துள்ளது. அழற்சியைவிட்டுக் கிருமியையே குறிவைப்பது அது. வழக்கமான ஸ்கேன் மையங்களில் இன்றைக்குக் கிடைப்பதென்னவோ எஃப்.டி.ஜி.தான்.