இனிப்பு மக்காச்சோளத்துக்கு ஆட்டு எருவா, மாட்டு எருவா, கோழி எருவா?

வீட்டுத் தோட்டத்தில் இனிப்பு மக்காச்சோளம் போட்டு நான்கு பருவங்கள் ஆகிவிட்டன. முதலில் மாட்டு எரு, அடுத்து கோழி எரு, கடைசி இரண்டு பருவமும் ஆட்டு எரு. இனி ஆட்டு எருவை விடுவதாக இல்லை.

மூன்றுமே மண்ணைப் பொலபொலப்பாக்கும், மண்புழுவைக் கூட்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) கோழி எருவில் அதிகம், மாட்டு எருவில் குறைவு, ஆட்டு எரு நடுவில் நிற்கும். இதெல்லாம் தெரிந்ததுதான். சத்து எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எந்த வாரத்தில் பயிருக்குக் கிடைக்கிறது என்பதே என்னை முடிவெடுக்க வைத்தது.

'ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்' என்ற பழமொழி இந்தப் பயிருக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. இனிப்பு மக்காச்சோளம், ரகத்தைப் பொறுத்து, பெரும்பாலும் 70 முதல் 90 நாளில் கதிர் ஒடிக்கத் தயாராகிவிடும். முதல் மூன்று வாரம் இளஞ்செடிக்குப் பெரிய தேவை இல்லை. முழங்கால் உயரம் வந்ததும்தான் பசி எடுக்கும். அங்கிருந்து ஆண் பூ விரிந்து கதிர் நுனியில் முடிபோல் தொங்கும் பட்டு நூல் தள்ளும்வரை உள்ள நான்கைந்து வாரத்தில்தான் தழைச்சத்தின் பெரும்பங்கை இழுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் மண் வெறுமையாக இருந்தால், பிறகு எதைக் கொட்டினாலும் கதிர் பெருக்காது.

மாட்டு எருவில் இதுதான் நடந்தது. நன்றாக மக்கிய எருதான், தாராளமாகவே போட்டேன். ஆனால் அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதிதான் முதல் பருவத்தில் கரைந்து வரும். செடி இடுப்பளவு வந்தபோது அடியிலைகள் வெளுக்கத் தொடங்கின. இலை நுனியில் கிளம்பிய மஞ்சள், ஓரங்களைப் பச்சையாக விட்டுவிட்டு, நடு நரம்பு வழியே ஆப்புப்போல் உள்ளே இறங்கியது. தழைச்சத்துப் பற்றாக்குறையின் அப்பட்டமான அடையாளம் அது. கதிர்கள் சிறுத்தன, நுனியில் மணி பிடிக்கவில்லை. மணி பிடிக்காததற்கு எருவை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த முறை ஒரே வரிசையாக விதைத்திருந்தேன். ஒவ்வொரு பட்டு நூலிலும் மகரந்தம் விழுந்தால்தான் அதற்குரிய மணி உண்டாகும். காற்று கொண்டுவந்து போட வேண்டிய மகரந்தம் ஒற்றை வரிசையில் சரியாக விழாது. ஆனால் அதே பாத்தியில் பிறகு வைத்த கத்தரி எந்த உரமும் இல்லாமல் தளதளவென்று வந்தது. பழமொழி சொன்ன 'மறுவருடம்' எனக்குக் கத்தரியில் தெரிந்தது.

கோழி எரு இதற்கு நேர்மாறு. அதிலுள்ள யூரிக் அமிலம் வேகமாக அம்மோனியாவாக மாறிவிடும். அந்த அம்மோனியாவில் முளைத்த சில நாளிலேயே பல நாற்றுகளின் நுனி கருகிவிட்டது. தப்பியவை தொடக்கத்தில் கரும்பச்சையாக நின்று, பசிக்கும் காலத்தில் வெளிறின. ஒரே பருவம்தான் போட்டேன், அதுவும் சரியாக மக்காத எரு. ஆறு மாதம் மக்கவைத்துப் போட்டிருந்தால் என் கருத்து மாறியிருக்கலாம்.

ஆட்டு எருவிலும் முதல் முறை தவறினேன். காய்ந்த புழுக்கையை அப்படியே மண்ணில் கலந்துவிட்டேன். அறுவடைக்குப் பின் பாத்தியைக் கொத்தியபோது பாதிப் புழுக்கைகள் முழுசாகவே கிடந்தன. ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தேன். மேல்தோல் கெட்டி, உள்ளே காய்ந்த புல் தூள். தண்ணீரே புகவில்லை.

அடுத்த பருவம் புழுக்கையைக் கட்டையால் தட்டி நொறுக்கி, நனைத்துக் குவித்து, சாக்கால் மூடினேன். வாரம் ஒருமுறை புரட்டிவிட, இரண்டு மாதத்தில் சூடு தணிந்து, பிசைந்தால் உதிரும் கருந்தூளாகிவிட்டது. சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ வீதம், விதைப்பதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு சாண் ஆழத்துக்குக் கலந்தேன். மிச்சம் வைத்ததைச் செடி முழங்கால் உயரம் வந்ததும் தூருக்கு ஒரு கைப்பிடி வைத்து மண் அணைத்தேன். இந்த முறை நான்கு வரிசையைச் சதுரமாக விதைத்ததும் கைகொடுத்தது. கதிர் ஒடிக்கும் நாள்வரை அடியிலை பச்சை மாறவில்லை. உரித்த கதிர்களில் நுனிவரை மணி நெருக்கமாக இருந்தது.

களை மட்டும் கூடுதல். ஆடு தின்ற விதைகளில் பல சாகாமல் வந்துவிடுகின்றன, முதல் மாதம் இரண்டு முறை களையெடுக்க வேண்டியிருந்தது. என் தோட்டம் செம்மண். மணற்பாங்கான மண்ணில் ஈரம் நிற்க மாட்டு எருவின் கனம் தேவைப்படும். அப்படிப்பட்டவர்கள் முந்தைய பயிருக்கே மாட்டு எருவைக் கொடுத்துவிட்டு, சோளத்துக்கு ஆட்டு எருவை வைத்துக்கொள்ளலாம்.