அய்லரானைத் தாழ்த்துவதா, ஃபிளாப்பரான் போடுவதா?

சிங்கப்பூரின் சிலேத்தார் விமானநிலையத்தில் இறங்கும் சின்ன விமானத்துக்கு நீளமான தார்ப்பாதை இருக்கிறது. அலாஸ்காவில் ஆற்றோரக் கூழாங்கல்லில் இறங்கும் புஷ் விமானத்துக்கு (ஓடுபாதை இல்லாத காட்டுப்பகுதிகளில் பறப்பது) அது கிடையாது. மெதுவாக வந்துதான் ஆகவேண்டும். அதனால் மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் ஃபிளாப் பலகையோடு, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை நுனிப்பக்க அய்லரான்களையும் கீழே தாழ்த்துகிறார்கள். தூக்குவிசைக் குணகம் (அதே வேகத்தில் இறக்கை எவ்வளவு தூக்கும் என்ற அளவு) 10 சதவீதம் கூடினால் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காமல் போகும் வேகம், ஏறத்தாழ 5 சதவீதம் குறையும், தரையில் ஓடும் தூரம் 9 சதவீதம் போல மிச்சமாகும். சின்ன மணல்திட்டில் அது பெரிய விஷயம்.

ஃபிளாப்பரானில் ஃபிளாப், அய்லரான் இரண்டின் வேலையையும் ஒரே நீளப் பலகை பார்த்துக்கொள்ளும். ஜெனித் சிஎச் 701, கிட்ஃபாக்ஸ் என்ற சிறுவிமானங்கள் இரண்டிலும் அது இறக்கைக்குப் பின்னால், சற்றுக் கீழே தனியாகத் தொங்குகிறது. நடுவில் காற்று பாய்வதால் மெதுவாகப் போகும்போதும் பிடி இருக்கும். பாகங்களும் குறைவு, வீட்டில் கட்டுபவர்களுக்கு வசதி. ஆனால் அதிகம் இறக்கினால் மூக்கு கவிழப் பார்க்கும், இறக்கையைச் சாய்க்கும் பலமும் குறையும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: ஃபிளாப் தனி, அய்லரான் தனி, ஃபிளாப் இறங்கும்போது அய்லரானும் கொஞ்சம் தாழும். 1947இல் முதலில் பறந்த பீவர் விமானமும் பிறகு வந்த டுவின் ஓட்டர் விமானமும் இப்படித்தான். செஸ்னா சிறுவிமானங்களுக்கு ராபர்ட்சன் நிறுவனம் செய்த மாற்றமும் இதே வகை.

சிக்கல் அய்லரானை அசைக்கும் இணைப்பில் இருக்கிறது. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிளைவுட்டும் சைக்கிள் கம்பியும் வைத்து மாதிரி ஒன்று செய்தேன். தாழ்த்தாதபோது அய்லரான் மேலே 20 டிகிரி, கீழே 12 டிகிரி நகர்ந்தது. 15 டிகிரி தாழ்த்தியதும் அது தலைகீழானது. கீழ்ப்பக்கம்தான் கூடுதலாக நகர்ந்தது. இது ஆபத்து. கீழே போகும் அய்லரான் இழுவையைக் கூட்டி, திரும்ப நினைக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் மூக்கை இழுக்கும்; மெதுவான வேகத்தில் அந்த இறக்கை நுனி முதலில் ஸ்டாலாகவும் கூடும். தாழ்த்த நெம்புகோலைச் சுழற்றாமல் அதன் அச்சையே நகர்த்திப் பார்த்தேன், மேலே கூடுதல், கீழே குறைவு என்ற வித்தியாசம் பெருமளவு திரும்பி வந்தது. அப்புறம் இன்னொன்று: தாழ்த்தும் பொறி இறுகிப்போனாலும் சாய்க்கும் கட்டுப்பாடு தனியே வேலை செய்ய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஹீலியோ கூரியர் விமானம் அய்லரானைத் தாழ்த்தவே இல்லை. பெரிய ஃபிளாப், தானாக வெளிவரும் முன்விளிம்புத் தகடு, சாய்க்க உதவியாக இறக்கை மேல் எழும் சின்னத் தகடு என்று போய்விட்டது. அருமையான தீர்வுதான், ஆனால் வீட்டுப் பட்டறைக்கு வேலை அதிகம்.

என் மாதிரியில் தாழ்வை இப்போது 10 டிகிரியாகக் குறைத்திருக்கிறேன். இனி அய்லரானில் கம்பியை மாட்டும் கொம்பின் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும்.