டயரா, சீட்டா, சீட்போஸ்டா: சைக்கிளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் எது கைகொடுக்கும்?

ஈசிஆரில் ஊர் வருவதற்கு முன் ஆறேழு தடித்த வெள்ளைப் பட்டைகள் போட்டிருப்பார்கள். காரில் போனால் ‘டர்ர்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 25 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்றடித்த ரோடு பைக் எனும் ஒல்லி டயர் சைக்கிளில் போனால் பல்லெல்லாம் ஆடும். சென்னையிலிருந்து கிளம்பி மரக்காணம் உப்பளம் தாண்டும்போது சுண்டுவிரல் மரத்துப்போயிருக்கும். உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வலி வந்ததும் பலரும் முதலில் மாற்றுவது சீட்டைத்தான். நானும் மெத்துமெத்தென்ற ஜெல் சீட் ஒன்று வாங்கினேன். முதல் முப்பது கிலோமீட்டர் சொகுசு. அப்புறம் இடுப்பெலும்பின் முனைகள் இரண்டும் மெத்தைக்குள் புதைந்தன. நடுப்பகுதி பிதுங்கி, அழுத்தக்கூடாத இடத்தில் அழுத்தியது. சீட்டில் பார்க்க வேண்டியது மெத்தையை அல்ல, அகலத்தை. மர ஸ்டூலில் ஓர் அட்டைத் துண்டை வைத்து அழுத்தி உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும். அவற்றுக்கு இடையிலான தூரத்தோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டினால் ஏறக்குறைய உங்கள் அளவு. புரூக்ஸ் பி17 மாதிரி தோல் சீட் பழகிவிட்டால் அருமைதான். ஆனால் அரைக் கிலோ எடை, மழையில் ஊறவும் விடக்கூடாது.

சீட்டைத் தாங்கும் குழாயான சீட்போஸ்டைக் கார்பனில் வாங்கினால்? 27.2 மி.மீ. விட்டமுள்ளது, வெளியே நன்றாக நீண்டிருந்தால், கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கைக்கு ஒரு பயனும் இல்லை. அந்தக் காசுக்கு இரண்டு நல்ல டயர் வாங்கலாம்.

என் ஓட்டு டயருக்குத்தான். அது ஒன்றுதான் கை, முதுகு, உட்காரும் இடம் மூன்றுக்கும் சேர்த்து வேலை செய்கிறது. 28 மி.மீ.க்கு மாறினால் எழுபது கிலோ ஆளுக்குப் பின்னால் 75, முன்னால் 70 பி.எஸ்.ஐ. போதும், 32 என்றால் அறுபதுக்குக் கீழேயே ஓட்டலாம். வேகம் குறையாதா? நம் ரோட்டில் கல்லு மாதிரி இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளுகிறது, மிதித்த பலம் அதிலேயே வீணாகிறது. அதற்காகக் காற்றை ரொம்பவும் குறைத்தால், பள்ளத்தில் ரிம் இடித்து, பாம்பு கடித்த மாதிரி டியூபில் இரண்டு ஓட்டை விழும்.

வாங்குமுன் இடம் இருக்கிறதா பாருங்கள். பழைய ரிம் பிரேக் வண்டிகள் பலவற்றில் 28க்கு மேல் ஏறாது, சிலவற்றில் 25தான். புது டயரை மாட்டியபின் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே 4 மி.மீ. ஆலன் கீ தாராளமாகப் போய்வர வேண்டும். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

காசே செலவழிக்காத வழி ஒன்றும் உண்டு: ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், அதைக் கழற்றித் தலைகீழாக மாட்டுங்கள். ஹேண்டில்பார் சற்று உயரும், கையில் விழும் பாரம் குறையும். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் அதையும் நேராக்குங்கள். உடம்பு முன்னால் வழுக்குவதால்தான் பாதிப் பேருக்குக் கை மரத்துப்போகிறது.

அப்புறம், பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடாதீர்கள். பிஆர்எம் என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம் தருகிறார்கள். ஜட்டியின் தையல் தோலை உரிக்க நாலு மணி நேரமே தாராளம்.